நேரில் தெரிவிக்கப்பட்டது

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பிழைத்திருந்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்காக, உலோகம் வெட்டும் மில்லிங் பிரிவுக்குப் போய் அரை நாள் மல்லுக்கு நிற்பவள் என்பதால் வந்த பட்டம் அது. கல்யாணமான புதிதில் கணவன் கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தான். பதினாறு வருடத்தில் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. மகளுக்குக் கோபம் வந்தால் "மில்லி மேடம்" என்பாள்.

அவள் வேலை ஃபில்டர் வடிவமைப்பது. தண்ணீர் ஃபில்டரா என்று கேட்டுக் கேட்டு உறவுக்காரர்கள் ஓய்ந்துவிட்டார்கள். நாத்தனார் மட்டும் விடவில்லை. "எங்க வீட்டு ஃபில்டர்ல தண்ணி சொட்டு சொட்டாத்தான் வருது, ஒரு நாள் வந்து பாரேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

மில்லியின் ஃபில்டர் ஒரு உலோகக் குழாய். செவ்வக வாய் கொண்ட அந்தக் குழாய்க்கு வேவ்கைடு என்று பெயர். கம்பி வழியே மின்சாரம் போவதுபோல அந்தக் குழாயின் வெற்றிடம் வழியே மைக்ரோவேவ் அலை போகும். உள்ளே சரியான இடங்களில் தடுப்புகளை வைத்தால் வேண்டிய அலைவரிசை கடந்துபோகும், வேண்டாதது வந்த வழியே திரும்பிவிடும். அவள் நிறுவனம் கப்பல்களின் மேல்தளத்தில் பொருத்துகிற செயற்கைக்கோள் கருவிகளைச் செய்தது. கப்பலின் சொந்த ரேடார் போடும் கூச்சல் அந்தக் கருவியின் காதில் விழக்கூடாது. ஆனால் அந்தக் கூச்சலுக்குப் பக்கத்திலேயே தொடங்கும் அகலமான அலைவரிசை முழுவதும் சேதாரமில்லாமல் உள்ளே வரவேண்டும். கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சத்தம் மட்டும் வரக்கூடாது என்பது மாதிரி வேலை.

பழைய ஃபில்டர் அதை நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தது. நீளம் நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர். புதிய கருவியின் பெட்டி சிறியது என்பதால் ஃபில்டருக்கு அறுபத்து நான்கு மில்லிதான் இடம் என்று வரைபடம் வந்தது. அந்த வரைபடத்தைப் போட்டவன் அவள் கணவன். அவன் பெட்டிப் பிரிவின் தலைமை வரைவாளர். பெட்டிப் பிரிவும் அசெம்பிளிக் கூடமும் ஊருக்கு வெளியே வேறு கட்டடத்தில் இருந்தன. இவள் பிரிவு ஊருக்குள், பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூன்றாவது மாடியில்.

முதல் வருடம் முழுக்கத் தோல்வி. வழக்கமான தடுப்புகளோடு குழாயைக் குட்டையாக்கினால் அலைவரிசை குறுகியது. அகலமாக்கினால் ரேடார் கூச்சல் உள்ளே வந்தது. இரண்டாவது வருடம் அவள் தடுப்புகளை விட்டுவிட்டு, குழாயின் மேல்சுவரிலிருந்தும் கீழ்சுவரிலிருந்தும் முகடுகளை வளர்த்துப் பார்த்தாள். இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிக்கும் குறைவான சந்து. அலை அந்தச் சந்தில் நெருங்கிப் போகும்போது தனக்கு வேண்டிய நீளத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கணினியில் வந்த வளைகோட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தாள். குறைந்தபட்சம் பாதை தெரிந்துவிட்டது. இனி உயிரை விட்டுச் செதுக்கவேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பு வந்தது. அவளுடன் படித்தவள் ஒருத்தி, தூரத்து நகரம் ஒன்றில் புதிதாகத் தொடங்கிய ஆய்வுக்கூடத்தை நடத்தினாள். ஃபில்டர் பிரிவு முழுவதையும் மில்லியிடம் ஒப்படைக்கத் தயாராக இருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் மில்லி விஷயத்தைச் சொன்னபோது கணவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"உனக்கு எப்படித் தோணுது?"

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா இத அரைகுறையா விட்டுட்டு எப்படிப் போறது? இப்பதான் ஒரு வழி கெடச்சிருக்கு."

"அதத்தான் நானும் நினைச்சேன். கை வச்ச வேலைய முடிச்சிட்டுப் போனாத்தான் உனக்கே தூக்கம் வரும்."

"ஆறு மாசம் காத்திருப்பாளான்னு கேக்கணும்."

தோழி ஆறு மாதம் காத்திருந்தாள். வேலை முடியவில்லை. மில்லி மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஞாயிறு திங்கள் தெரியாமல் போயிற்று. மகளின் பள்ளி விழாவுக்குக் கணவன் மட்டும் போனான். அறையின் மூலையில் துவைத்த துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. வேண்டியவர்கள் வேண்டியதை உருவிக்கொண்டார்கள். கணினி ஒரு முறை கணக்குப் போட்டு முடிக்க நான்கு மணி நேரம் எடுத்தது. முகட்டை இம்மியளவு நகர்த்தினால் மறுபடி நான்கு மணி நேரம். ஒருநாள் இரவு உணவின்போது அவள் பாதி விளையாட்டாகவும் பாதி கெஞ்சலாகவும் கேட்டாள்.

"ஏங்க, பெட்டில இன்னும் ஒரு பத்து மில்லி ஒதுக்க முடியாதா? பத்தே பத்து. முகட்டக் கொஞ்சம் தள்ளி வச்சா அலையோட வலு இவ்வளவு தேயாது."

"பத்தா? ஒரு மில்லிகூட முடியாது. மூச்சு விடக்கூட அதுல இடமில்ல."

"பெண்டாட்டிக்குக்கூடவா?"

"பெட்டிக்குப் பெண்டாட்டி பிள்ளைன்னு தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவன் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். மகள் சிரித்தாள். மில்லியும் சிரித்தாள்.

மில்லிங் பிரிவில் அவளுக்கு அண்ணன் முறையாகிவிட்ட ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் மில்லிங் அண்ணன். முதல் வரைபடத்தை அவரிடம் கொடுத்தபோது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உள் மூலை எல்லாம் கத்தி மாதிரி வரஞ்சிருக்கியேம்மா. என் கட்டர் உருண்டை. உருண்ட கட்டர் சதுர மூலை வெட்டுமா?"

"எவ்வளவு வளைவு வரும் அண்ணே?"

"அரை மில்லி. நீ அழுதாலும் அரை மில்லி."

அவள் அழவில்லை. திரும்பிப் போய் எல்லா மூலைகளிலும் அரை மில்லி வளைவை வைத்து, முகடுகளை ஒவ்வொன்றாக மறுபடி நகர்த்தினாள். அதற்கு ஏழு வாரம் ஆயிற்று. குழாயை நடுவில் இரண்டு பாதியாகப் பிளந்து வெட்டி, சேர்த்துத் திருகினார்கள். அந்த நடுக்கோட்டைக் கடந்து மின்னோட்டம் போகாது என்பதால் இணைப்பில் கசிவு இராது. வெள்ளிப் பூச்சு பூசி வந்த உருப்படி ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்தது.

அலையை அளந்து காட்டும் அனலைசரில் மாட்டினாள். பிரிவில் இருந்த ஆறு பேரும் பின்னால் வந்து நின்றார்கள். திரையில் கோடு அகலமாக, தட்டையாக, மேஜை விளிம்பு மாதிரி வந்து, ரேடார் இருக்கும் இடத்தில் கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுந்தது. யாரோ கைதட்டினார்கள். பிரிவுத் தலைவர் தன் அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "பிரமாதம்மா, பிரமாதம்" என்றார். அலை கொஞ்சம் தேயத்தான் செய்தது. அத்தனை குறுகின சந்தில் அது தவிர்க்க முடியாதது. பழைய நீள ஃபில்டர் அந்த ஒரு விஷயத்தில் இதைவிட மேல். ஆனால் அறுபத்து நான்கு மில்லிக்குள் இதற்குமேல் ஒருவராலும் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், ஃபில்டரைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அசெம்பிளிக் கூடத்துக்குப் போனாள். அதைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கவேண்டும். வேறு எந்த எண்ணமும் இல்லை. கணவன் அன்று உதிரி சப்ளையரைப் பார்க்க வெளியூர் போயிருந்தான்.

அசெம்பிளி அக்கா பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். இருபது வருடமாகத் திருகாணி முடுக்கிய கை. மில்லி ஃபில்டரை அதன் இடத்தில் வைத்தாள். ஒரு முனை பொருந்தியது. மறுமுனைக்கும் எதிர்ப்பக்க வாய்க்கும் நடுவே அவள் கை நுழையும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"அக்கா, இது வேற பெட்டி. மாத்தி எடுத்துட்டீங்க."

"இதுதாம்மா பெட்டி."

"இல்ல, கப்பல் கருவியோடது வேணும். சின்னது."

"சின்னப் பெட்டியா?" அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அத மாத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. பவர் யூனிட் சூடாகுதுன்னு ஃபேன் வச்சாங்க. ஃபேன் வச்சதும் பெட்டி பெருசாச்சு. பழைய ஃபில்டரே போதும்னு அதத்தான் மாட்டிட்டிருக்கோம். மூணு பெட்டி கப்பல்லயே ஏறிடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

மில்லி பெட்டியின் தரையைப் பார்த்தாள். திருகாணிக்கான துளைகள் நூற்றுப் பதினெட்டு மில்லி இடைவெளியில் அழகாகத் துளையிடப்பட்டிருந்தன.

"மாத்தினதுக்கு நோட்டீஸ் இருக்குமே, அக்கா."

அக்கா கோப்பைக் கொண்டுவந்தாள். எந்த மாற்றம் என்றாலும் சம்பந்தப்பட்ட எல்லாப் பிரிவுக்கும் ஒரு தாள் போகவேண்டும். வாங்கியவர் கையெழுத்துப் போடவேண்டும். பவர் பிரிவு கையெழுத்து இருந்தது. அசெம்பிளி இருந்தது. ஃபில்டர் பிரிவு என்ற கட்டத்துக்கு எதிரே கையெழுத்துக்குப் பதில், "நேரில் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதி, கீழே ஒரு சுருக்கொப்பம். மகளின் பள்ளி மதிப்பெண் அட்டையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிற அதே சுருக்கொப்பம்.

தேதியைப் பார்த்தாள். தோழியின் அழைப்பை அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்ன நாளுக்கு நான்காவது நாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, நான் வீட்லயே சொல்லிக்கறேன், அங்க வரைக்கும் ஆள அனுப்பாதீங்கன்னு" என்றாள் அக்கா. பிறகு மில்லியின் முகத்தைப் பார்த்து, "உக்காரும்மா, தண்ணி குடி" என்றாள்.

அவன் மாலையில் வந்தான். மகள் டியூஷன் போயிருந்தாள். மில்லி ஃபில்டரை மேஜைமேல் வைத்திருந்தாள். அவன் அதைக் கையில் எடுத்து, "முடிஞ்சிடுச்சா? சொல்லவே இல்லையே!" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். உண்மையான சந்தோஷம் முகத்தில் இருந்தது.

"இன்னைக்குப் பெட்டில வச்சுப் பாத்தேன்."

அவன் ஃபில்டரை மெதுவாகக் கீழே வைத்தான்.

"பேசுங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? பதினாலு மாசமாச்சு."

"மொதல்ல ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். நீ அப்ப போலாமா வேணாமான்னு ரெண்டு மனசா இருந்த. இது தேவையில்லன்னு தெரிஞ்சா அடுத்த நாளே பெட்டியக் கட்டிருவ. எனக்கு இங்க விட்டா வேற இடமில்ல மில்லி. இந்த வயசுல யார் என்னக் கூப்பிடுவா? பாப்பா பள்ளிக்கூடம் வேற. நீ அங்க, நாங்க இங்கன்னு குடும்பம் ரெண்டாப் போயிருக்கும்."

"போகாதன்னு சொல்லியிருக்கலாமே. வாய்விட்டு."

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

அவள் யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள்.

"தெரியல. நின்னுருந்தாலும் நின்னிருப்பேன். அத நான்தான் முடிவு பண்ணியிருக்கணும்."

"வேல நல்லா வந்திருக்குல்ல? அது வீணா? உன் பேரு..."

"பத்து மில்லி கேட்டேன் உங்ககிட்ட. இதே மேஜைல. மூச்சு விட இடமில்லன்னீங்க. அம்பத்து நாலு மில்லி சும்மாக் கெடந்திருக்கு. நான் சிரிச்சேன் அன்னைக்கு."

கீழே வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. பிறகு மகள் மாடிப்படி ஏறி வரும் சத்தம். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஆளுக்கொரு அறைக்குப் போனார்கள்.

விஷயம் வீட்டோடு நின்றிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். இரண்டு வாரத்தில் தலைமையகத் தணிக்கையிலிருந்து கேள்வி வந்தது. தேவையில்லாத ஒரு பாகத்துக்கு ஃபில்டர் பிரிவு ஏன் பதினான்கு மாதம் உழைத்தது? பிரிவுத் தலைவர் மில்லியைக் கூப்பிட்டார். நோட்டீஸின் நகல் அவர் மேஜைமேல் இருந்தது.

"உங்களுக்குத் தெரிவிச்சாச்சுன்னு இதுல இருக்கு. தெரிஞ்சும் ஏம்மா தொடர்ந்தீங்க?"

"சார், பெட்டி பெருசானது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க அடுத்த மாடலுக்குப் பண்றீங்கன்னு நினைச்சேன். 'அவங்களுக்குத் தெரியும், நல்லா வருது, முடிக்கட்டும்'னு உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. புருஷன் பெண்டாட்டி நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டேன்." அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு நாள்ல எழுத்துல பதில் வேணும். பாத்து எழுதுங்க. இதெல்லாம் வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்க வேண்டியது."

அன்று மாலை கணவன் அவள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகம் வெளிறியிருந்தது.

"ஞாபகம் இல்லன்னு எழுதிடு. சொன்னாரு, வேல மும்முரத்துல காதுல விழலன்னு எழுது. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க. நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு ஆச்சுன்னா என் கத முடிஞ்சுது."

"அப்போ இனிமே எல்லாருக்கும் நான்தான் பதினாலு மாசத்த வீணடிச்ச கிறுக்கு."

"கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க."

"நான்?"

இரண்டு நாளும் அவள் தாளை எடுத்து எடுத்து வைத்தாள். அவன் சொன்னபடி எழுதிப் பார்த்தாள். கை ஓடவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகவே ஓடியது. எழுதி முடித்துப் படித்தபோதுதான், அந்தப் பொய்யும் அவன் பொய்யின் தொடர்ச்சியாக, ஒரே கையெழுத்தில் எழுதியதுபோல் இருப்பது தெரிந்தது. கிழித்துப் போட்டாள். கடைசியில் ஒரு வரிதான் எழுதினாள்: "இந்த மாற்றம் எனக்கு நேரிலோ எழுத்திலோ தெரிவிக்கப்படவில்லை."

அவனை வேலையை விட்டு நீக்கவில்லை. பதவியை இறக்கி, பேருந்தில் ஏழு மணி நேரம் போகவேண்டிய கிளையின் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். குடும்பம் இரண்டாகக்கூடாது என்று பயந்தவன் ஒரு பெட்டியும் ஒரு படுக்கையுமாகக் கிளம்பினான்.

நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

"ஒரு தகரக் குழாய்க்காகக் கட்டின புருஷன மாட்டி விட்டுட்டியேடி. அவன் என்ன ஊரான் சொத்தக் கொள்ளையடிச்சானா? நீ கூட இருக்கணும்னுதானே செஞ்சான்? அவனவன் பெண்டாட்டி எப்படா ஊருக்குப் போவான்னு இருக்கான்."

"அண்ணி, அது தகரம் இல்ல" என்றாள் மில்லி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு எதைச் சொன்னாலும் அழுகை வந்திருக்கும்.

மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் சொன்னாள்: "அப்பா பண்ணது தப்புதான். ஆனா நீ ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா அப்பா இங்க இருந்திருப்பாருல்ல?" சரியான கேள்விதான் அது.

அலுவலகத்தில் செய்தது வீணாகக்கூடாது என்று மேலிடம் முடிவெடுத்தது. மூன்று வருட உழைப்பை அலமாரியில் வைத்தால் தணிக்கைக்கு மறுபடி பதில் சொல்லவேண்டும். ஆகவே புதிய குட்டை ஃபில்டரையே பெட்டியில் பொருத்துவது, காலி இடத்தை ஒரு சாதாரணக் குழாயால் நிரப்புவது என்று தீர்மானமாயிற்று. பிரிவுத் தலைவர் அவளிடமே வந்தார். "ஒரு சின்ன நீட்டிப்புத் துண்டு வரஞ்சு குடுத்துடுங்கம்மா. உங்களுக்குப் பத்து நிமிஷ வேல."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முகடு இல்லாத, தடுப்பு இல்லாத, இரண்டு பக்கமும் திறந்த ஐம்பத்து நான்கு மில்லி வெற்றுக் குழாய். மில்லிங் அண்ணன் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணே."

அவர் வேறெதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். வழக்கமாகச் செய்கிற கிண்டலைச் செய்யவில்லை. விஷயம் அவர் வரைக்கும் போயிருந்தது.

குழாயோடு சேர்த்து அளந்தபோது பழைய ஃபில்டரைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்தது. கேட்ட அளவுக்குள் இருந்ததால் தேறியதாகக் கையெழுத்துப் போட்டாள். அந்த வருடம் "மிகக் குறுகிய ஃபில்டர்" என்று நிறுவனத்தின் விளம்பரத் தாளில் அதன் படம் வந்தது. நீட்டிப்புத் துண்டைப் படத்தில் காட்டவில்லை. தோழிக்கு ஒரு வரி எழுதிக் கேட்டாள். அந்த இடத்துக்கு ஆள் வந்து எட்டு மாதமாகிவிட்டது என்று அன்பாகப் பதில் வந்தது.

கணவன் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறான். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அவன் பாத்திரம் கழுவுகிறான், குழாயடியில் ஒழுகுவதைச் சரிசெய்கிறான், மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். சண்டை இல்லை. ஒருமுறை கூடத்தில் தனியாக இருந்தபோது, "'மன்னிச்சுடு'ன்னு எத்தன தடவ சொல்லணும்னு சொல்லு, சொல்றேன்" என்றான். எண்ணிக்கை அவளுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

போன ஞாயிறு கிளம்பும்போது, "அஞ்சரைக்குத்தான் பஸ், ஆனா இப்பவே போனா எடம் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனான். கதவைச் சாத்தியதும் மில்லி கைபேசியை எடுத்து, அந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள்.

ஐந்தரைக்குத்தான் இருந்தது.